மேடைக்கு எதிரே நிற்பவர்கள்

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 'கோல்டுபிளே' என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழு சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் இசை நிகழ்ச்சி நடத்தியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு கோலாலம்பூரில், புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கிலும் அக்குழு பாடியிருந்தது. இக்குழுவின் நிகழ்ச்சிகளில் நுழைவாயிலைக் கடக்கும் ரசிகர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பட்டை கொடுக்கப்படும். அரங்கத்தின் விளக்குகள் அணைந்து இசை தொடங்கியதும் அந்தப் பட்டைகள் ஒரே சமயத்தில் ஒளிரும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பாடலுக்கேற்ப நிறம் மாறும். பல்லாயிரம் கைகள் அசையும்போது அரங்கமே ஒளிக்கடலாகத் தெரியும். காட்சியைக் காண வந்தவர்களே காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார்கள்.

இசை நிகழ்ச்சிக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் மேடையைத்தான் பார்ப்பார்கள். மேடைக்கு எதிரே நிற்கும் கூட்டத்தைச் சற்று நேரம் கவனித்தால் அங்கும் பார்க்கவேண்டியவை நிறைய உண்டு என்பது தெரியவரும்.

ஒவ்வோர் இசைக்கும் அதற்கென்று ஒரு ரசிகர் மரபு இருக்கிறது. கர்நாடக இசைக் கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் தொடையில் தாளம் போடுவார், நல்ல சங்கதி வந்தால் தலையை அசைத்து "ஆகா!" என்பார். அது பாடகருக்கு இடையூறு ஆகாது, ஊக்கமாகவே அமையும். மேற்கத்தியச் செவ்விசை அரங்கிலோ ஒருவர் இருமினாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இசைப்படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் கைதட்டவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். ராக் இசை நிகழ்ச்சியில் நிலைமை நேர்மாறானது. அங்கே ரசிகர்கள் நின்றுகொண்டே கேட்பார்கள், பாடகருடன் சேர்ந்து பாடுவார்கள், குதிப்பார்கள், கூவுவார்கள். அமைதியாக அமர்ந்திருக்கும் கூட்டத்தைக் கண்டால் ராக் பாடகருக்குக் கவலை வந்துவிடும். தைப்பூசத்தில் உறுமி மேளம் முழங்கும்போது அருகில் நிற்பவரின் கால்கள் தாமாகவே ஆடத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இருக்காது.

ரசிகர் கூட்டத்தின் இந்த ஆற்றலை நன்கு புரிந்துகொண்டவர்களுள் ஒருவர் 'குவீன்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. 1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகரில் உள்ள பிங்லி மண்டபத்தில் அக்குழு நிகழ்ச்சி நடத்தியது. நிகழ்ச்சி முடிந்து கலைஞர்கள் மேடையைவிட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையவில்லை. காற்பந்து ரசிகர்கள் விளையாட்டரங்குகளில் பாடும் ஒரு பாடலை எல்லாரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்ட மே சிந்தித்தார். நெருக்கியடித்து நிற்கும் ஒரு கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? நடனமாட இடமில்லை. ஆனால், காலால் தரையை மிதிக்கலாம், கைதட்டலாம், பாடலாம்.

இந்தச் சிந்தனையிலிருந்து 'வி வில் ராக் யூ' என்ற பாடல் பிறந்தது. இரண்டு மிதி, ஒரு தட்டு. பிறகு சிறிது இடைவெளி. பாடலின் பெரும்பகுதிக்கு இதுவே பின்னணி. அதில் முரசொலி கிடையாது. லண்டனில் இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சிலர் மரப்பலகைகளின்மீது மிதித்துக் கைதட்டினார்கள். அந்த ஒலி பலமுறை பதிவு செய்யப்பட்டு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சில பேர் எழுப்பிய ஒலி, பெருங்கூட்டம் எழுப்பிய ஒலியைப்போல் மாறியது.

இங்கே மேயின் இன்னொரு திறமையும் கைகொடுத்தது. அவர் இயற்பியல் படித்தவர்; இசைக்காக இடையில் நிறுத்திய ஆய்வைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தொடர்ந்து, 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் தூரமே செல்லும். எனவே, நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவர் தட்டும் ஓசை நம் காதுக்கு வந்துசேர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். பக்கத்தில் நிற்பவரின் தட்டு முதலிலும் தூரத்தில் நிற்பவரின் தட்டு பின்னரும் கேட்பதால்தான் பெருங்கூட்டத்தின் கைதட்டலுக்கு அந்தத் தனி அகலம் கிடைக்கிறது. மே அந்தக் கால இடைவெளிகளைக் கணக்கிட்டு ஒலிப்பதிவில் சேர்த்தார். வீட்டில் தனியாக அமர்ந்து அப்பாடலைக் கேட்பவருக்கும், பெரியதொரு கூட்டத்தின் நடுவே நிற்பதுபோன்ற உணர்வு ஏற்படுவதற்கு அதுவே காரணம். இன்று உலகெங்கும் விளையாட்டரங்குகளில் அந்தத் தாளம் ஒலிக்கிறது. அந்தக் குழுவின் பெயரைக்கூட அறியாத சிறுவர்கள் மேசையைத் தட்டி அதை வாசிக்கிறார்கள்.

1985 ஜூலை 13ஆம் நாள், எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு நிதி திரட்ட 'லைவ் எய்ட்' என்ற நிகழ்ச்சி நடந்தது. லண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் சுமார் 72,000 பேர் கூடியிருந்தார்கள். குவீன் குழுவுக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம்தான். பாடகர் ஃபிரடி மெர்குரி சொற்களே இல்லாமல் குரலை மட்டும் ஏற்றி இறக்கி ஓர் ஓசை எழுப்பினார். கூட்டம் அதையே திருப்பிப் பாடியது. அவர் இன்னும் கடினமாக ஒன்றைப் பாடினார். கூட்டம் அதையும் பாடியது. 'ரேடியோ கா கா' பாடலின்போது எல்லாரும் தலைக்கு மேலே கைகளை உயர்த்தி ஒரே சமயத்தில் தட்டினார்கள். அன்று மேடையேறிய குழுக்கள் பல. ஆயினும், அந்த நாளைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் குறிப்பிடுவது அந்த இருபது நிமிடத்தைத்தான்.

இத்தனை பேர் எப்படி ஒரே சமயத்தில் கைதட்டுகிறார்கள்? பாடலின் தாளம் வழிகாட்டும்போது அதில் வியப்பில்லை. ஆனால், நிகழ்ச்சி முடிந்த பிறகு எழும் கரவொலியிலும் சில நேரங்களில் யாரும் சொல்லாமலே ஓர் ஒழுங்கு பிறக்கிறது. ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் உள்ள அரங்குகளில் இதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த அறிவியலாளர்கள், தங்கள் கண்டுபிடிப்பை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முதலில் எல்லாரும் வேகமாக, அவரவர் விருப்பப்படி தட்டுகிறார்கள்; அது மழை பொழிவதுபோல் கேட்கிறது. சிறிது நேரத்தில் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறார்கள். மெதுவாகத் தட்டும்போது ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாடு குறைகிறது. எனவே அனைவரின் தட்டும் ஒன்றுசேர்கிறது. ஆனால், மெதுவாகத் தட்டுவதால் மொத்த ஓசை குறைந்துவிடுகிறது. கலைஞர்களை இன்னும் உரக்கப் பாராட்டவேண்டும் என்ற ஆசையில் கூட்டம் மறுபடியும் வேகமெடுக்கிறது. உடனே ஒழுங்கு கலைகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் ஒன்றுசேர்கிறது. உரத்த ஒலியும் வேண்டும், ஒன்றுபட்ட ஒலியும் வேண்டும் என்றால் இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை. கூட்டம் இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கிறது.

கூட்டத்தின் உற்சாகம் இசையையே விழுங்கிவிட்ட காலமும் இருந்தது. 1965 ஆகஸ்ட் 15ஆம் நாள் 'பீட்டில்ஸ்' குழு நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பாடியபோது 55,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். அவர்களுள் மிகப் பலர் பதின்ம வயதினர். அவர்கள் எழுப்பிய கூச்சலில் பாடல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மேடையில் இருந்த கலைஞர்களுக்கே தங்கள் இசை கேட்கவில்லை. இன்றுபோல் ஆற்றல்மிக்க ஒலிபெருக்கிகள் அப்போது இல்லை. முரசு வாசித்த ரிங்கோ ஸ்டார், மற்றவர்களின் உடலசைவைப் பார்த்தே பாடல் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தோடு அக்குழு இசைப்பயணங்களை நிறுத்திக்கொண்டது. அதற்குக் காரணங்கள் பல. தாங்கள் வாசிப்பதைக் கேட்க முடியாத நிலை அவற்றுள் முக்கியமான ஒன்று. அளவற்ற அன்பே கலைஞர்களை மேடையிலிருந்து விரட்டியது என்றும் சொல்லலாம்.

இன்று கூச்சலின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்தினால் அவருக்குப் பின்னால் நிற்கும் மூன்று நான்கு பேருக்கு மேடை மறைகிறது. அவர்கள் பார்ப்பது முன்னால் உள்ளவரின் சிறிய திரையில் தெரியும் சிறிய மேடையை! கோல்டுபிளே குழுவின் பாடகர் கிரிஸ் மார்ட்டின் தம் நிகழ்ச்சிகளில் ஒரு குறிப்பிட்ட பாடலைப் பாதியில் நிறுத்திவிட்டு, இந்த ஒரு பாடலுக்கு மட்டும் கைப்பேசிகளை உள்ளே வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். பெரும்பாலோர் அப்படியே செய்கிறார்கள். பிறகு பாடல் முதலிலிருந்து தொடங்கும்போது எல்லாருடைய இரண்டு கைகளும் விடுபட்டிருக்கின்றன. கூட்டம் முன்னைவிட உயரமாகக் குதிக்கிறது. ஒளிரும் கைப்பட்டைகளையும் நிகழ்ச்சி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும்படி அக்குழு வேண்டுகிறது. வெவ்வேறு நகரங்களில் எத்தனை விழுக்காட்டினர் திருப்பிக் கொடுத்தார்கள் என்ற பட்டியலை அரங்கத் திரையில் காட்டுவதும் உண்டு. இந்தச் சிறிய போட்டி, அறிவுரையைவிட நன்றாக வேலை செய்யக்கூடியது.

காதுகளைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். ராக் நிகழ்ச்சிகளில் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது அரிதன்று. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், 100 டெசிபல் ஒலியைப் பதினைந்து நிமிடம்தான் பாதுகாப்பாகக் கேட்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பு வல்லுநர் பின்பற்றும் ஒரு கணக்கு. நிகழ்ச்சி முடிந்து ரயிலில் வீடு திரும்பும்போது காதில் 'ஙொய்' என்று ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தால், காது களைத்துப்போயிருக்கிறது என்று பொருள். மேடையில் வாசிக்கும் கலைஞர்கள் பலர் காதடைப்பான் அணிகிறார்கள். ரசிகர்கள் அணிந்தால் மட்டும் சிலர் ஏளனமாகப் பார்ப்பது வேடிக்கைதான்.

ராக் இசையின் ஒரு பிரிவான ஹெவி மெட்டல் நிகழ்ச்சிகளில் முதன்முறை செல்பவரை அச்சுறுத்தும் காட்சி ஒன்று உண்டு. மேடைக்கு அருகே இளையர்கள் வட்டமாக விலகி இடம்விட்டு, அந்த இடத்துக்குள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஆடுவார்கள். இதை 'மோஷ் பிட்' என்பர். சண்டை நடக்கிறதோ என்று தோன்றும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் இத்தகைய ஆட்டங்களின் காணொளிகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கு மோதிக்கொள்ளும் மனிதர்களின் வேகம், ஒரு கலனுக்குள் அடைபட்ட வாயுவின் மூலக்கூறுகள் மோதித் திரியும் வேகத்தைப்போலவே பரவியிருந்ததாம். சில நேரங்களில் அதே கூட்டம் நீர்ச்சுழிபோல் வட்டமாக ஓடத் தொடங்கும். இந்தக் குழப்பத்திலும் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. யாராவது கீழே விழுந்தால் சுற்றியுள்ளவர்கள் உடனே நின்று அவரைத் தூக்கிவிட வேண்டும். பெயர் தெரியாத நான்கு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அடுத்த நொடியே மீண்டும் மோதத் தொடங்குவார்கள்!

உண்மையான ஆபத்து அந்த முரட்டு ஆட்டத்தில் இருப்பதைவிட அசைய முடியாத நெரிசலில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் இரண்டு மூன்று பேர் நின்றால் தாராளமாகத் திரும்பலாம். நான்கைந்து பேர் என்றால் தோள்கள் உரசும். ஆறேழு பேரைத் தாண்டிவிட்டால், நிற்பவருக்குத் தம் உடல்மீது கட்டுப்பாடு இருக்காது. கூட்டம் நீரைப்போல் அலையலையாக நகரும். கால்கள் தரையில் படாமலே ஒருவர் சில மீட்டர் தூரம் தள்ளப்படலாம். இத்தகைய விபத்துகளில் மக்கள் 'மிதிபட்டு' இறந்தார்கள் என்று செய்திகளில் படிக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. நாற்புறமும் நெருக்குவதால் மார்பு விரிய இடமின்றி மூச்சுத் திணறுகிறது. நின்ற நிலையிலேயே உயிர் போய்விடலாம்.

இதில் மிகவும் வேதனையானது, தள்ளுகிறவர் யாரும் கெட்ட எண்ணத்தோடு தள்ளுவதில்லை என்பதுதான். பின்வரிசையில் இருப்பவர் அரை அடி முன்னே நகர்கிறார். அவருக்கு முன்னால் இருப்பவரும் அரை அடி நகர்கிறார். அந்தச் சிறு சிறு அழுத்தங்கள் ஒன்றுசேர்ந்து முன்வரிசையில் இருப்பவரின் விலா எலும்புகளில் போய் இறங்குகின்றன. முன்னால் இருப்பவர் அலறினாலும் இசையொலியில் அது பின்னால் கேட்காது. 2000ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் டென்மார்க்கின் ராஸ்கில்டே இசைவிழாவில் 'பேர்ல் ஜாம்' குழு பாடிக்கொண்டிருந்தபோது இதுதான் நிகழ்ந்தது. நிலைமையை அறிந்ததும் குழுவினர் இசையை நிறுத்திக் கூட்டத்தைப் பின்னோக்கி நகரும்படி வேண்டினார்கள். ஆயினும் ஒன்பது இளைஞர்கள் உயிரிழந்தார்கள்.

ஆகவே பெருங்கூட்டத்துக்குச் செல்பவர் அரங்கினுள் நுழைந்ததும் வெளியேறும் வழிகள் எங்கெங்கே உள்ளன என்று பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறார்கள் பாதுகாப்பு வல்லுநர்கள். நெரிசலில் சிக்கிக்கொண்டால், குத்துச்சண்டை வீரரைப்போல் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னே மடக்கி வைத்து மூச்சுவிட இடம் ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளக்கூடாது. அலை சற்று ஓயும்போது பக்கவாட்டில், சாய்வாக நகர்ந்து நகர்ந்து ஓரத்தை அடையவேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே கூடாது, அது புதிய கைப்பேசியாக இருந்தாலும்.

இவற்றையெல்லாம் ஏற்பாட்டாளர்கள் சரியாகச் செய்திருந்தால் ரசிகர்கள் கவலைப்படத் தேவையிருக்காது என்று சிலர் கூறலாம். அது பெருமளவு உண்மை. 1979 டிசம்பர் 3ஆம் நாள் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிக்குச் சுமார் 18,000 பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலான நுழைவுச்சீட்டுகளில் இருக்கை எண் இல்லை. முதலில் நுழைபவருக்கே முன்னிடம். அதனால் கடுங்குளிரிலும் மக்கள் பல மணி நேரத்துக்கு முன்பே வந்து கதவருகே குவிந்தார்கள். திறக்கப்பட்ட கதவுகளோ மிகச் சில. உள்ளேயிருந்து இசை கேட்டதும், நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று எண்ணிப் பின்னால் நின்றவர்கள் முன்னே நெருக்கினார்கள். கதவுக்கு வெளியிலேயே பதினொருவர் மாண்டுபோனார்கள். அவர்களுள் இருவருக்கு வயது பதினைந்துதான். உள்ளே நிகழ்ச்சி முழுவதுமாக நடந்து முடிந்தது. வெளியில் நடந்ததைக் கலைஞர்களிடம் அதற்குப் பிறகே தெரிவித்தார்கள்.

இருக்கை எண்ணில்லாத சீட்டுகளைச் சின்சினாட்டி நகரம் தடைசெய்தது. அந்தத் தடை 2004 வரை நீடித்தது. இறந்தவர்களுள் மூவர் ஃபின்னிடவுன் என்னும் ஒரே உயர்நிலைப்பள்ளியில் பயின்றவர்கள். அவர்களுடைய நண்பர்கள் பிற்காலத்தில் அவர்களின் நினைவாக ஓர் உதவித்தொகை நிதியை ஏற்படுத்தினார்கள். அப்பள்ளியிலிருந்து இசையும் கலையும் பயிலச் செல்லும் மாணவர்கள் அதனால் பயன்பெறுகிறார்கள். தி ஹூ குழுவினர் அந்த நிதிக்குத் துணைநின்றார்கள். 2022 மே 15ஆம் நாள், நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அக்குழு மீண்டும் சின்சினாட்டியில் மேடையேறியது.